நீல அட்டை போட்ட ஜெபப் புத்தகம்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் கூத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி, என் காசு எவ்வளவு என்று என் வீட்டில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று நான் பிடித்த பிடிவாதம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. புதுச்சேரியில், ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ஓட்டு வீடு ஒன்றில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் பஞ்சாலையில் வேலை பார்த்தான். நான் வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரத் தெருவில் இருந்த கன்னியர் மடத்துக்குப் போய் அங்கே தையல்கூடத்தில் பூவேலை செய்தேன். பீடத் துணிகள், ஞானஸ்நானச் சட்டைகள், துரைசானிகளின் கைக்குட்டைகள். மாதம் பிறந்தால் கூலியை அப்படியே அம்மா கையில் வைத்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு என்றால் அரிசி வேண்டும், விறகு வேண்டும்.

ஆனால் கூலிக்கு மேல் ஒரு வருமானம் இருந்தது. துரைசானிகள் சிலர் அவசரமாக ஏதாவது கேட்பார்கள். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு அப்படியே தையல்கூடத்துக்குப் போனால், மற்றவர்கள் வருவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் செய்த வேலைக்குக் காசு நேரே என் கையில் வரும். அந்தக் காசைப் பற்றித்தான் இத்தனையும்.

அதை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். பதினான்கு வயதில் எனக்கு ஒரு மண் உண்டியல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தையலுக்குக் கிடைத்த பரிசுக் காசு, பெருநாளுக்கு மாமா கொடுத்த காசு என்று இரண்டு வருஷம் சேர்த்தேன். ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து உண்டியலைத் தேடினால் காணோம். அம்மா சாவகாசமாகச் சொன்னாள், "அதயா தேடற? ஓட்டுக்காரனுக்குப் பத்தல, ஒடச்சிட்டோம். ஒன் காசு வேற, வீட்டுக் காசு வேறயா?"

அப்பாவும் அண்ணனும் சிரித்தார்கள். எல்லாருக்கும் மேலேதானே கூரை, எனக்கும்தானே. நியாயம்தான். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன் என்று அப்போது அழுதுகொண்டே சொன்னேன். அது உண்மைதானா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

ஆகவே இருபத்தோரு வயது முடிந்த வாரம், யாரிடமும் சொல்லாமல் சர்க்கார் சேமிப்பு வங்கிக்குப் போனேன். குமாஸ்தா தமிழர்தான், ஆனால் கோட்டுப் போட்டுக்கொண்டு பிரெஞ்சில்தான் ஆரம்பித்தார். மடத்துப் பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெஞ்சை வைத்து நானும் சமாளித்தேன். அம்மா கைநாட்டு வைக்க வேண்டுமா, அண்ணன் வர வேண்டுமா என்று கேட்டேன். "ஒங்க காசுக்கு அவுங்க எதுக்கும்மா?" என்றார். அப்படி ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் அதற்கு முன்னால் யாரும் என்னிடம் சொன்னதில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தார். லிவ்ரே என்று அதற்குப் பெயர். முழுக்கப் பிரெஞ்சு.

அந்தப் பிரெஞ்சுதான் எனக்குப் பூட்டு. அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. அண்ணன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆனால் எண்கள் அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரு வேலை செய்தேன். மடத்தில் பிரெஞ்சு ஜெபப் புத்தகங்களுக்கு நீலக் காகிதத்தில் அட்டை போடுவார்கள். அதே நீலக் காகிதத்தை வாங்கி வந்து லிவ்ரேக்கு அட்டை போட்டேன். மேலே மையால் ஒரு சின்னச் சிலுவை வரைந்தேன். வீட்டில் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒரு பலகை உண்டு. அதில் எல்லாரும் பார்க்க வைத்துவிட்டேன். ஜெபப் புத்தகத்தை எவன் திறந்து பார்க்கப் போகிறான்? அம்மா தினமும் விளக்கேற்றும்போது அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும். கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

சேர்த்தது எதற்கு என்று கேட்டால், பெரிய திட்டம் ஒன்றும் கிடையாது. என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி யாராவது ஒரு முடிவு செய்தால், வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் அந்தப் புத்தகத்துக்குள் இருந்தது. அந்த வருஷம்தான் உழவர்கரையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நல்லவன்தான் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பலகையில் இருந்த நீல அட்டையைப் பார்த்தேன். அம்மாவும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

புத்தகத்தைக் கையில் வாங்கின பிறகு எனக்குக் காசு செலவழிக்கவே மனம் வரவில்லை. புதுப் புடவை வேண்டாம் என்றேன். தலைக்குப் பூ வேண்டாம் என்றேன். தோழிகளோடு கடற்கரையில் பேண்டு வாத்தியம் கேட்கப் போனால் திரும்பும்போது எதையாவது வாங்கித் தின்ன வேண்டி வரும் என்று போவதையே நிறுத்தினேன். அடிக்கடி அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், கிணற்றடியில் உட்கார்ந்து, வாய்க்குள் முணுமுணுத்துக் கூட்டிப் பார்ப்பேன். வருஷக் கடைசிக்குள் எவ்வளவு ஆகும், இன்னும் இரண்டு ஞானஸ்நானச் சட்டை வந்தால் எவ்வளவு ஆகும் என்று.

இதற்கிடையில் அண்ணனுக்குச் சைகோன் பைத்தியம் பிடித்தது. வியட்நாமில் அதுவும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்தான்; எங்கள் தெருவிலேயே நாலு வீட்டு ஆட்கள் அங்கே இருந்தார்கள். அப்பாவின் கூட்டாளி ஒருவர் அங்கே துறைமுகத்தில் இருந்தார். ஒரு காவல் உத்தியோகம் காலியாக இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் வந்தால் உனக்குத்தான் என்று எழுதியிருந்தார். கப்பல் கூலி வேண்டும், பூட்சு வேண்டும், துரை மாதிரி இரண்டு உடுப்பு வேண்டும். அம்மாவின் கழுத்தில் இருந்த இரட்டை வடச் சங்கிலியை அதற்குத் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். அது போதாது. அண்ணன் தினமும் சோற்றுக்கு உட்கார்ந்தால் அந்தப் போதாத கணக்கைத்தான் பேசுவான். எனக்குச் சோறு இறங்காது. என் புத்தகம் மட்டும் தெரிந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேறு மண் தேட மாட்டார்கள். உண்டியல் போன வழியில் இதுவும் போகும்.

அப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை மாலை வேலை விட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "ஒனக்கு ஒரு காயிதம் வந்துச்சு. பிரான்சு காயிதம். மேல வச்சிருக்கேன்."

பலகையில், நீல அட்டைப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. சர்க்கார் முத்திரை போட்ட அச்சுத் தாள். மூன்றாக மடித்து ஓரத்தைச் செருகியிருந்தார்கள். பசை இல்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிவிடலாம். கொல்லைக்குப் போய்ப் பிரித்தேன். இந்த மாதத்துக்குள் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினால் வட்டி எழுதித் தரப்படும் என்று இருந்தது. கீழே என் கணக்கில் உள்ள தொகை. எழுத்தில் ஒரு தரம், எண்ணில் ஒரு தரம்.

எங்கள் தெருவில் பிரெஞ்சுக் கடிதம் என்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். தமிழ்க் கடிதம் வந்தால் அது அந்த வீட்டோடு போகும். பிரெஞ்சுக் கடிதம் வந்தால் அது கோர்ட்டுக் காகிதமோ, வரிக் காகிதமோ என்று வீடே பதறும். அதை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருந்த பென்ஷன் ஐயாவிடம் ஓடுவார்கள். அவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூசை வைக்கும் சுவாமியார் மாதிரி உரக்கப் படிப்பார். பிறகு தமிழில் சொல்வார். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று கேட்பான். பிரெஞ்சில் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்தேனே, அந்தப் புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்வது. எங்கள் தெருவில் பிரெஞ்சில் எழுதியதைப் போல ஊரறிந்த விஷயம் வேறு கிடையாது.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்காள் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டே சொன்னாள், "நேத்து ஒங்கம்மா ஒரு காயிதத்த எடுத்துகினு பென்ஷன் ஐயா வூட்டுப் பக்கம் போனாங்களே, இன்னா சமாச்சாரம்?" ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பாதிக் குடத்தோடு உள்ளே வந்தேன்.

ஆனால் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை எனக்குத் தெரிந்த வேலை. இவர்களோ என்னைத் தாங்க ஆரம்பித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பழைய சோற்றுக்குப் பதிலாக எனக்கு மட்டும் ரொட்டியும் பால் விட்ட காப்பியும் வந்தது. ரொட்டிக்காரன் கூடையிலிருந்து சுடச்சுட வாங்கியது. புதன்கிழமை அண்ணன் நான் இறைக்க வேண்டிய தண்ணீரை எனக்கு முன்னால் எழுந்து இறைத்து வைத்திருந்தான். அவன் பிறந்ததிலிருந்து குடத்தைத் தொட்டவன் இல்லை. அன்று மாலை மழை. மடத்து வாசலில் குடையோடு நிற்கிறான். சைகோன் என்ற பேச்சே வீட்டில் நின்றுபோயிற்று. எனக்குப் புரிந்துவிட்டது. வழி கிடைத்துவிட்டது, இனி எதற்குப் பேச வேண்டும்?

அம்மா இன்னும் மோசம். மாலையில் என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தலை வாரினாள். சின்னப் பிள்ளைக்கு வாருவது போல் அரை மணி நேரம். வாரிப் பின்னி, பின்னியதைப் பிரித்து, மறுபடி வாரினாள். "எவ்ளோ முடி ஒனக்கு" என்றாள். அவள் குரல் கம்மியிருந்தது. என்ன நடிப்பு என்று நினைத்தேன். பெற்ற தாயைப் பற்றி அப்படி நினைத்தேன், எழுதிவிடுகிறேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புத்தகத்தைப் பலகையிலிருந்து எடுத்துத் துணிப் பெட்டிக்குள் வைத்தேன். அது சரியில்லை என்று அரிசிப் பானைக்குள் புதைத்தேன். அரிசி எடுக்கப் போவது அம்மாதானே என்று வெளியே எடுத்தேன். மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால், குனிந்து நிமிரும்போதெல்லாம் அது குத்தியது. ஒரு பீடத் துணியில் திராட்சைக் கொடியைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். மாசேர் என்று நாங்கள் கூப்பிடும் பிரெஞ்சுக் கன்னிகை அதைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். உட்கார்ந்து முழுவதையும் பிரித்தேன். திரும்பவும் பலகையிலேயே கொண்டுபோய் வைத்தேன். தெரிந்துபோன ரகசியத்துக்கு எந்த இடமும் சரியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது பார்த்தேன். அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லை. சரி, அது விற்றாயிற்று, இனி பாக்கிக்கு என்னிடம் வரப்போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். பூசையில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. மத்தியானம் ஆட்டுக்கறி. எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான். அம்மா நல்ல துண்டுகளாகப் பொறுக்கி என் தட்டில் போட்டாள். அண்ணன் தன் தட்டிலிருந்த ஈரலை எடுத்து என் தட்டில் வைத்தான்.

அந்த ஈரல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"கேக்க வேண்டியதக் கேட்டுடுங்களேன். எதுக்கு இந்த நாடகம்? ரொட்டி, கறி, கொட, தல வார்றது, எல்லாம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அம்மா கையில் சோற்றோடு என்னைப் பார்த்தாள். "இன்னாத்தடி கேக்கறது? நீயா சொல்லுவேன்னு இருக்கோம்."

"நான் சொல்றதுக்கு இன்னா இருக்கு? அதான் காயிதத்த எடுத்துகினு போயி பென்ஷன் ஐயாகிட்ட படிச்சிட்டு வந்துட்டீங்களே."

"படிக்கல" என்றாள் அம்மா. "அவுரு வாசல் வரைக்கும் போனேன். குடுக்க கை வரல. திரும்பிட்டேன்."

கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது. பலகையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். நீல அட்டையைச் சிலுவையோடு சேர்த்துக் கிழித்துப் போட்டேன். அம்மா "ஐயோ" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்து இருவர் முகத்துக்கும் நேரே நீட்டினேன்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. இது ஜெபப் புத்தகம் இல்ல. பேங்குப் புத்தகம். என் காசு. நான் விடியறதுக்கு முன்னாடி போயி சம்பாரிச்ச காசு. சைகோனுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க. வாயத் தொறந்து கேட்டுட்டு எடுத்துக்கோங்க. கேக்காம மட்டும் எடுக்காதீங்க."

அம்மா புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அப்ப நீ மடத்துக்குப் போவலியா?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. எந்த மடத்துக்கு, தினமும் போகிறேனே என்றேன்.

"அந்தப் போவறது இல்ல. கன்னியாஸ்திரியா."

பிறகு அம்மா துண்டு துண்டாகச் சொன்னாள். மகள் விடிவதற்கு முன்னால் பூசைக்கு ஓடுகிறாள். பூ வேண்டாம் என்கிறாள், புடவை வேண்டாம் என்கிறாள். கல்யாணப் பேச்சு எடுத்தால் ஜெபப் புத்தகத்தைப் பார்க்கிறாள். கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து முணுமுணுவென்று ஜெபிக்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அம்மாவுக்குச் சந்தேகம். பெரிய முத்திரை போட்டுப் பிரான்சுக் காகிதம் வந்ததும் மடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள் என்று தீர்மானித்துவிட்டாள். ஆண்டவர் கூப்பிட்டதைத் தெருவில் நின்று ஊரான் வாயால் கேட்பதா என்றுதான் பென்ஷன் ஐயா வாசலிலிருந்து திரும்பியிருக்கிறாள். பிரிக்கக்கூட இல்லை. என் முடியை அரை மணி நேரம் வாரினாளே, அது மடத்தில் வெட்டிவிடுவார்கள் என்றுதான்.

"சங்கிலி?" என்று கேட்டேன்.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "மடத்துக்குச் சீர் குடுக்கணுமாமே. வெறுங்கையோட அனுப்ப முடியுமா ஒன்ன? வித்து அம்மா வச்சிருக்காங்க. நான்தான் விக்கச் சொன்னேன்."

"அப்ப ஒன் சைகோன்?"

"வரலன்னு வியாழக்கெழமையே எழுதிப் போட்டுட்டேன். வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி."

சாதாரணமாகத்தான் சொன்னான். தியாகம் செய்தவன் மாதிரி எல்லாம் இல்லை. சட்டைப் பொத்தான் அறுந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த இடத்திலேயே தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அவன் காலில் விழ வேண்டும், அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நான் இரண்டையும் செய்யவில்லை. புத்தகத்தை நீட்டியபடியே நின்றேன்.

அப்போதுதான் அண்ணன் முதல் தடவையாகப் புத்தகத்தைப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. நானும் குனிந்து பார்த்தேன். பாருங்கள் பாருங்கள் என்று நீட்டிக்கொண்டிருந்தேனே, தொகை எழுதியிருந்த இடத்தின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. நகம் வெளுக்கும்படி அழுத்திப் பிடித்திருந்தேன்.

"வெரல எடுக்க வேணாம்" என்றான். "நான் பாக்கல." எழுந்து கை கழுவப் போய்விட்டான். ஈரல் என் தட்டில் அப்படியே இருந்தது.

சைகோன் உத்தியோகம் வேறு ஒருவனுக்குப் போயிற்று. அண்ணன் இன்னும் மூன்று வருஷம் பஞ்சாலையில் பஞ்சைச் சுவாசித்துக் கிடந்து, பிறகு அம்மாவின் சங்கிலிப் பணத்தோடு கடன் வாங்கிச் சேர்த்துக்கொண்டுதான் கப்பல் ஏறினான். அந்த மூன்று வருஷமும் என் புத்தகம், அட்டை இல்லாமல், அதே பலகையில் கிடந்தது. அம்மா அதைத் தொட்டுக் கும்பிடுவதை நிறுத்திவிட்டாள். தூசு தட்டும்போது எடுத்துத் துடைத்துவிட்டு, திறக்காமல் வைப்பாள். அண்ணனுக்குப் பாதியாவது கொடு என்று என் மனசு தினமும் என்னைக் குடைந்தது. நாளைக்குக் கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்தேன். அவன் கேட்கவே இல்லை. கேட்டுவிட்டு எடுங்கள் என்று நான் சொன்னதைவிட, தொகையை மறைத்த என் கட்டைவிரல்தான் அவன் நினைவில் நின்றது போலிருக்கிறது.

அன்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த தொகை அவனுடைய கப்பல் கூலிக்குப் போதுமானது. அதற்கு மேலும் இருந்தது. எவ்வளவு என்று அம்மாவிடமும் சொன்னதில்லை, அவனிடமும் சொன்னதில்லை. இருவரும் இப்போது இல்லை. இங்கேயும் அதை நான் எழுதப்போவதில்லை.